350 ரிங்கிட் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம்:

“எங்களிடம் ஏழு வயதான மைவி 1.5 கார் இருக்கிறது. வங்கிக் கடன் முடிய இன்னும் இரண்டு வருடம் ஆகும். என்.சி.டி. (கிளேம் செய்யாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் சலுகை) 55 விழுக்காடு. பன்னிரண்டு வருடமாக என் மனைவியின் தாய்மாமன் மகன்தான் எங்களுக்குக் காப்புறுதி முகவர். அடுத்த மாதம் 14ஆம் தேதியோடு பாலிசி முடிகிறது. அவர் கொடுத்த கோட்டேஷன் 858 ரிங்கிட். என் மகள் வேறொரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தபோது 508 ரிங்கிட்தான் வந்தது. நிறுவனம் மாறினால் என்.சி.டி. போய்விடுமா? பழைய பாலிசியை எப்போது ரத்து செய்வது? வங்கிக்குச் சொல்ல வேண்டுமா? 19 வயது மகள் புதிய ஓட்டுநருக்கான ‘பி’ உரிமத்தில் ஓட்டுகிறாள். சென்ற ஆண்டு முன்கண்ணாடி உடைந்து மாற்றினோம். பள்ளி விடுமுறையில் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் காரில் போவதுண்டு. செராஸில் இருக்கும் என் தம்பி, காப்புறுதி எடுத்து ஐந்து மாதமே ஆகியிருக்க, இப்போதே வேறு நிறுவனத்துக்கு மாறப்போவதாகச் சொல்கிறான். இதற்கெல்லாம் விளக்கம் தேவை.”

அன்புள்ள ஐயா,

இரண்டு கோட்டேஷன்களையும் முழுமையாகப் படமெடுத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. பெரும்பாலோர் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் எழுதி, “எது மலிவு?” என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. நானும் காப்புறுதி முகவராகவே பல வருடம் பிழைத்தவன் என்பதால், முகவர்கள் பக்கம் எனக்கு ஓர் ஒட்டுதல் இருக்கக்கூடும். அதை மனத்தில் வைத்துக்கொண்டே கீழே நான் எழுதுவதைப் படியுங்கள்.

என்.சி.டி. பற்றிய உங்கள் பயத்தை முதலில் நீக்கிவிடலாம். அந்தச் சலுகை நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, காருக்கும் சொந்தமில்லை. பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம். தனியார் கார்களுக்கு முதல் வருடம் கிளேம் இல்லாமல் முடிந்தால் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்து வருடம் தொடர்ந்து கிளேம் செய்யாதவருக்கு 55 விழுக்காட்டில் அது நிற்கிறது. நீங்கள் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அந்த 55 உங்களுடன் வரும். பழைய நிறுவனத்திடம் கடிதம் வாங்கி அலைந்த காலம் போய்விட்டது. எல்லா நிறுவனங்களும் என்.சி.டி. விவரங்களைப் பொதுவான ஒரு தரவுத்தளத்தில் பதிகின்றன, புதிய நிறுவனம் கவர் நோட் (காப்புறுதி எடுத்ததற்கான சான்று) போடும்போது அங்கிருந்தே சரிபார்த்துக்கொள்கிறது. மைகார்இன்ஃபோ என்ற இணையப் பக்கத்தில் கார் எண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் கொடுத்தால் உங்கள் விழுக்காட்டை நீங்களே பார்க்கலாம். கோட்டேஷனை நம்புவதற்கு முன் அதைப் பாருங்கள். நீங்கள் 55 என்று சொல்லி அங்கே 45 என்று இருந்தால், புதிய நிறுவனம் மீதிப் பணத்தைக் கேட்கும்; அந்த 508 ஓர் இரவில் வேறு எண்ணாகிவிடும்.

முன்கண்ணாடி மாற்றியது உங்கள் என்.சி.டி.யைத் தொடவில்லை என்பதற்குக் காரணம், உங்கள் முகவர் கண்ணாடிக்கென்று தனியாகப் பணம் கட்டி வாங்கும் கூடுதல் பாதுகாப்பை, அதாவது ஒரு சேர்ப்பை, தொழிலில் 89ஆம் எண் என்று சொல்வார்களே அதை, பாலிசியில் எழுதி வைத்திருந்ததுதான். அது இல்லாமல் அதே கண்ணாடியைப் பாலிசியில் கிளேம் செய்திருந்தால் 55 விழுக்காடு பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். உங்கள் கணக்கில் அதன் விலை என்ன தெரியுமா? சலுகைக்கு முன் உங்கள் அடிப்படைப் பிரீமியம் 1,268 ரிங்கிட்; 55 விழுக்காடு கழிந்து 570 ஆகிறது. எண்ணூறு ரிங்கிட் கண்ணாடிக்காக அடுத்த வருடமே ஏறக்குறைய எழுநூறு ரிங்கிட் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள், அதற்குப் பிறகும் ஐந்து வருடம் படியேற வேண்டியிருக்கும்.

இனி அந்த இரண்டு கோட்டேஷன்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இவைதான்.

முகவர் கொடுத்ததில் காப்புறுதித் தொகை 38,000 ரிங்கிட், அதுவும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’, அதாவது கார் முழுதாகப் போனால் பேரமில்லாமல் தரும் தொகை, என்று எழுதப்பட்டிருக்கிறது. அடிப்படைப் பிரீமியம் சலுகை போக 570, கண்ணாடிக்கு 120, வெள்ளத்துக்கு 95. மொத்தம் 785, அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 63, முத்திரைத் தீர்வை 10. கூட்டினால் 858. இணையத்தில் வந்ததோ, காப்புறுதித் தொகை 33,000 ரிங்கிட், ‘சந்தை மதிப்பு’. கண்ணாடிச் சேர்ப்பு இல்லை. வெள்ளச் சேர்ப்பும் இல்லை. சலுகை போக 512 ரிங்கிட் பிரீமியத்தில், முகவர் இல்லாமல் நேரடியாக வாங்குவதற்காக 10 விழுக்காடு கழித்திருக்கிறார்கள். வரியும் தீர்வையும் சேர்த்து 508. உங்கள் மகள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை. அந்தப் பக்கத்தில் காப்புறுதித் தொகையை ஒரு வரம்புக்குள் மேலும் கீழும் நகர்த்த முடியும், சேர்ப்புகள் எல்லாம் டிக் போடாத கட்டங்களாக இருக்கும். எதையும் தொடாமல், தொகையை மட்டும் அடிமட்டத்தில் வைத்து முன்னே போனால் இந்த எண்தான் வரும்.

இப்போது அதே பக்கத்தில் தொகையை 38,000க்கு ஏற்றி, கண்ணாடியையும் வெள்ளத்தையும் உங்கள் முகவர் போட்ட அதே அளவில் சேர்த்துப் பாருங்கள். 785இல் 10 விழுக்காடு கழிந்து 707, வரியும் தீர்வையும் சேர்த்து சுமார் 773 ரிங்கிட் வரும். அதாவது, ஒரே பொருளை ஒரே பொருளோடு ஒப்பிட்டால் இரண்டு இடங்களுக்கும் இடையில் இருப்பது 85 ரிங்கிட். மீதி 265 ரிங்கிட்டை நீங்கள் மிச்சப்படுத்தவில்லை. அந்த அளவுக்குப் பாதுகாப்பைக் குறைத்து வாங்கப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். 2017 ஜூலை முதல் விரிவான காப்புறுதிக்கு (சொந்தக் காரின் சேதத்தையும் ஈடுசெய்வது) ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா அனுமதித்துவிட்டதால், உண்மையான விலை வித்தியாசமும் இருக்கத்தான் செய்யும். சில நிறுவனங்களில் அது 85ஐவிட அதிகமாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மேலே உள்ள வரிகள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

குறைந்த தொகையில் ஓர் ஊசி மறைந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. உங்கள் காரின் சந்தை மதிப்பு 38,000 ஆக இருக்கும்போது 33,000க்குக் காப்புறுதி எடுத்தால், 13 விழுக்காடு குறைவாக எடுத்திருக்கிறீர்கள். குறைவு 10 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், கார் முழுதாகப் போனால் மட்டுமல்ல, சிறு விபத்துக்கும் அதே விகிதத்தில்தான் பணம் தருவார்கள். பட்டறையில் 9,500 ரிங்கிட் பில் வந்தால், 38க்கு 33 பங்கு என்ற கணக்கில் 8,250 அவர்கள் கொடுப்பார்கள், 1,250 உங்கள் கையிலிருந்து போகும். பிரீமியத்தில் அதற்காக மிச்சமானது அறுபது ரிங்கிட்டுக்கும் குறைவு. பட்டறைக்காரர் முன் நின்றுகொண்டு இந்தக் கணக்கை முதல்முறையாகக் கேட்ட வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாருக்கும் விகிதக் கணக்கு புரிவதில்லை.

வெள்ளத்துக்கு வருகிறேன். நீங்கள் சுங்கை பினாங்குப் பக்கம் வேலைக்குப் போய், காரைத் தாழ்வான திறந்தவெளியில் நிறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அந்த வட்டாரம் எப்படி இருந்தது என்பதைப் பினாங்கில் இருந்த யாருக்கும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. விரிவான காப்புறுதி என்று பெயர் இருந்தாலும், வெள்ளமும் புயலும் நிலச்சரிவும் அதில் அடங்குவதில்லை. அவற்றுக்கு 57ஆம் எண் சேர்ப்பைத் தனியாக வாங்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீரில் நின்ற கார்களின் சொந்தக்காரர்களில் பலர் இதை அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். நிறுவனம் மாறும்போது கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: வெள்ளத்துக்குக் கொடுப்பது காரின் முழுத் தொகை வரையிலா, அல்லது இவ்வளவு ரிங்கிட் வரைதான் என்ற வரம்போடா? இரண்டு வகையும் சந்தையில் இருக்கின்றன, இரண்டுக்கும் கோட்டேஷனில் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். மலிவானது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கார் ஏழு வயதுடையது என்பதால் இன்னொரு வரியையும் தேடுங்கள். ஐந்து வயதை எட்டிய காருக்குப் பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புத்தம் புதிய அசல் பாகத்தைப் போட்டால், கார் முன்பைவிட மேம்பட்டுவிட்டது என்று சொல்லி அந்தப் பாகத்தின் விலையில் ஒரு பங்கை உங்களிடம் கேட்பார்கள். பெட்டர்மென்ட் என்று இதற்குப் பெயர். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, ஏழு வயதுக்கு 25, பத்து வயதும் அதற்கு மேலும் ஆனால் 40 விழுக்காடு வரை அது போகலாம். 4,000 ரிங்கிட் பாகங்கள் மாற்றினால் உங்கள் பங்கு 1,000. இதைத் தள்ளுபடி செய்யும் சேர்ப்பு சில நிறுவனங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. என்னைக் கேட்டால், இந்த வயதுக் காருக்கு அந்த 85 ரிங்கிட் வித்தியாசத்தைவிட இந்த ஒரு வரி எந்த நிறுவனத்தில் கிடைக்கிறது என்பதே முக்கியம்.

மகள் விஷயத்தில், பெயரைப் பாலிசியில் கண்டிப்பாக எழுதுங்கள். ஆனால் எழுதிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பாலிசியில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலும், 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஓட்டினாலும், ‘எல்’ (கற்பவர்) அல்லது ‘பி’ உரிமத்தில் இருப்பவர் ஓட்டினாலும், உங்கள் காரைப் பழுதுபார்க்கும் கிளேமில் முதல் 400 ரிங்கிட்டை நீங்கள் ஏற்க வேண்டும் என்பது வழக்கமான பாலிசிகளில் உள்ள விதி. எனவே அவர் ‘பி’யை முடித்து 21 வயதையும் கடக்கும் வரை அந்த 400 உங்கள் தலையில்தான். பழைய நிறுவனத்தில் அவர் பெயர் இருந்தது என்பதால் புதிய நிறுவனத்துக்கு அது தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். என்.சி.டி.யைத் தவிர வேறெதுவும் தானாகப் பின்னால் வராது.

இதோடு ஒட்டிய ஒரு கடமையும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, காப்புறுதி வாங்குபவர் தம்மிடம் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தவறான விவரம் தராமல் இருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக உங்கள் உறவினர் உங்களிடம் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். அவருக்கே எல்லாம் தெரியும். புதிய நிறுவனத்தின் இணையப் படிவத்துக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. யார் ஓட்டுகிறார்கள், சென்ற ஆண்டு கிளேம் உண்டா, காரில் ஏதும் மாற்றியிருக்கிறீர்களா என்று அது கேட்கும் இடத்தில், கண்ணாடி உட்பட உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காரில் கிராப் போன்ற இ-ஹெய்லிங் ஓட்டினால் அதற்குத் தனிச் சேர்ப்பு வேண்டும். அது இல்லாமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு விபத்தானால் சாதாரணப் பாலிசி உதவிக்கு வராது.

தேதிகளைப் பற்றி இப்போது நிதானமாக எழுதுகிறேன். ஏனென்றால் மாறுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பழைய பாலிசியை நீங்கள் ரத்து செய்ய வேண்டியதே இல்லை. அது 14ஆம் தேதி நள்ளிரவோடு தானாக முடிகிறது. நம் நாட்டில் வாகனக் காப்புறுதிக்குப் பிரீமியம் கட்டினால்தான் பாதுகாப்பு தொடங்கும். நீங்கள் உங்கள் உறவினருக்குப் பணம் கொடுக்காத வரை அடுத்த வருடம் தொடங்காது. புதிய பாலிசி 15ஆம் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். இணையப் படிவம் தொடக்கத் தேதியைக் கேட்கும் இடத்தில் பல நேரம் மறுநாளையே எழுதி வைத்திருக்கும். அதை மாற்றாமல் பணம் கட்டிவிட்டால் மூன்று வாரத்துக்கு இரண்டு பாலிசிகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும், ஒரே என்.சி.டி. இரண்டு பாலிசிகளில் ஒரே நேரத்தில் உட்கார முடியாது என்று கணினி மறுக்கும், பிறகு ஒன்றை ரத்து செய்ய நீங்கள் போனும் கையுமாக நிற்க வேண்டும். அதற்கு நேர்மாறாக, 15க்குப் பதிலாக 16 என்று அழுத்திவிட்டால், 15ஆம் தேதி முழுவதும் காருக்குக் காப்புறுதி இல்லை. அன்று காலையில் மகள் கல்லூரிக்கு ஓட்டிப் போனால் அது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி குற்றம். 1,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அபராதத்தைவிட, அன்று யாரையாவது இடித்துவிட்டால் வரும் இழப்பீடுதான் ஒரு குடும்பத்தை உட்கார வைத்துவிடும்.

எவ்வளவு முன்னதாக வாங்கலாம் என்றால், பொதுவாகப் பாலிசி முடிவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே புதுப்பிக்க முடியும். கோட்டேஷன்களை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு, கடைசிப் பத்து நாளுக்குள் பணம் கட்டுவதே என் விருப்பம். இன்று வாங்கிவிட்டு, நடுவில் பழைய பாலிசியில் ஒரு கிளேம் செய்ய நேர்ந்தால், 55 விழுக்காடு என்று போட்டுக் கொடுத்த புதிய பாலிசி செல்லாத கணக்காகி, மீதிப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். மாறாக, 14ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் அனுதாபங்கள்.

கவர் நோட் வந்ததும் அதை மூடிவைக்காமல், காரின் பதிவுச் சான்றை எடுத்து அருகில் வைத்து, கார் எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண், உங்கள் அடையாள அட்டை எண் நான்கையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பல வருடத்துக்கு முன் பட்டர்வொர்த்தில் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அடையாள அட்டை எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை நானே இடம் மாற்றித் தட்டிவிட்டேன். காப்புறுதி இருந்தும் சாலை வரி எடுக்க முடியாமல் அவர் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார். அந்த இரண்டு நாளும் மழை. நிறுவனம் இந்த விவரங்களை மின்வழியாகச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.க்கு அனுப்புகிறது, அங்கே பொருந்தினால்தான் சாலை வரி புதுப்பிக்க முடியும். உங்கள் மைவிக்கு அது 90 ரிங்கிட். மைஜேபிஜே செயலியிலேயே கட்டிவிடலாம், 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் வாகனங்களுக்குக் கண்ணாடியில் சாலை வரி வில்லை ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

வங்கியின் அனுமதி வாங்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஆனால் வங்கியின் பெயர் புதிய பாலிசியில் இருக்க வேண்டும். தவணைக் கொள்முதலில் வாங்கிய காருக்கு முதல் வருடத்துக்குப் பிறகு காப்புறுதி எடுக்கும் பொறுப்பு உங்களுடையது. கடன் முடியும் வரை வங்கி விரிவான காப்புறுதியை எதிர்பார்க்கும். பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு இறங்கி மிச்சம் பிடிக்க இப்போது வழியில்லை. படிவத்தில் ‘கார் கடனில் இருக்கிறதா’ என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டு வங்கியைத் தேர்ந்தெடுங்கள். பாலிசி வந்ததும் ஒரு நகலை வங்கிக்கு அனுப்பிவிடுங்கள். கார் திருட்டுப் போனால் முதலில் கடன் பாக்கிதான் வங்கிக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. திருட்டு என்று சொல்லும்போதுதான் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்ற சொல்லின் அருமை தெரியும்: அதில் 38,000 என்பது எழுதி வைத்த தொகை, பேரம் இல்லை, சந்தை மதிப்புப் பாலிசியில் அன்றைய விலையைத்தான் தருவார்கள், அது எவ்வளவு என்பதில் உங்களுக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபடலாம்.

ஹாட்யாய் பயணத்துக்குச் சுருக்கமாக: நம் பாலிசி மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்கும் செல்லும், தாய்லாந்துக்குச் செல்லாது. அதற்குப் புதிய நிறுவனத்திடம் தாய்லாந்துச் சேர்ப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு மேல், அந்த நாட்டின் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதியையும் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டுவதற்கு முன் எடுக்க வேண்டும். இதுவரை உங்கள் உறவினர் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடித்துக் கொடுத்த வேலை இது.

உங்கள் தம்பியை அப்படியே இருக்கச் சொல்லுங்கள். வருட நடுவில் வாடிக்கையாளரே ரத்து செய்தால், மிச்ச மாதங்களுக்கு ஏற்ற பணம் திரும்பி வரும் என்று எண்ணுகிறார்கள். வழக்கமான பாலிசிகளில் அப்படி இல்லை: ஒரு மாதத்துக்குள் ரத்து செய்தால் 75 விழுக்காடு, மூன்று மாதத்துக்குள் 50, நான்கைத் தாண்டி ஆறு மாதத்துக்குள் 25 விழுக்காடு, எட்டு மாதத்தைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. ஐந்து மாதம் ஓட்டியவருக்குக் கால் பங்குதான் திரும்பும், அதுவும் இந்த வருடத்தில் கிளேம் எதுவும் செய்யாமல் இருந்தால். பன்னிரண்டு மாதம் நிறைவு செய்யாததால் என்.சி.டி. அடுத்த படிக்கு ஏறுவதும் தள்ளிப்போகும். அவருடைய பாலிசியின் ரத்துப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். வேறு விதமாக, நாள் கணக்கில் தருவதாக எழுதியிருந்தாலன்றி ஏழு மாதம் காத்திருப்பதே லாபம். காரை விற்பது வேறு விஷயம், அப்போது ரத்து செய்தே ஆக வேண்டும்.

உங்கள் உறவினரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கவில்லை நீங்கள். ஆனால் கடிதத்தில் மூன்று இடத்தில் அவர் வருகிறார், ஆகவே கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். நேரடியாக வாங்குபவருக்குக் கிடைக்கும் அந்த 10 விழுக்காடு, முகவர் இருந்தால் அவருக்குப் போகும் கமிஷன்தான். அதற்கு அவர் என்ன செய்கிறார் என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும். இரவில் பினாங்குப் பாலத்தில் இடித்துக்கொண்டு, இழுவை வண்டிக்காரர்கள் நான்கு பேர் சூழ்ந்து நிற்கும்போது, எந்த வண்டியில் ஏற்றுவது, எந்தப் பட்டறை நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகாரை எப்படி எழுதுவது என்று போனில் சொல்ல ஒருவர் இருந்தால், அந்த 85 ரிங்கிட் எனக்குப் பெரிதாகத் தெரியாது. கவர் நோட்டை அனுப்பிவிட்டுப் பதினொரு மாதம் காணாமல் போகும் முகவராக இருந்தால், அந்தப் பணத்தை நீங்களே வைத்துக்கொள்வது நியாயம். அவர் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி உடைந்த அன்று என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மாறுவதற்கு முன் அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுங்கள். பொதுக் காப்புறுதி முகவர் இரண்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யலாம். பன்னிரண்டு வருடமாக ஒன்றிலேயே புதுப்பித்து வந்திருந்தால், இரண்டாவதைக் கேட்டுப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். 38,000 ஒப்புக்கொண்ட மதிப்பு, கண்ணாடிக்கு 800, முழுத் தொகை வரை வெள்ளம், பெட்டர்மென்ட் தள்ளுபடி, மகள் பெயர், இந்த ஐந்தையும் ஒரே செய்தியில் எழுதி, அவரிடமும் இணையத்திலும் ஒரே நாளில் கேளுங்கள். அவர் 800 ரிங்கிட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், உங்கள் இடத்தில் நான் மாறமாட்டேன். 900ஐத் தாண்டினால், 15ஆம் தேதி என்று சரியாக அழுத்தி, மாறிவிடுங்கள். அவரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், அடுத்த கல்யாண வீட்டில் வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம்.